அவர் மாதிரியே இல்லையே!

(முகச் சிலைகள் செய்வதையே முப்பத்தோரு ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்ட சிற்பி, வாசகர்களுக்குப் பதில் எழுதும் பகுதி இது. விளையாட்டு வீரர்களின் சிலைகளும் ஓவியங்களும் இணையத்தில் கேலிக்கு ஆளாவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கே: ரொனால்டோவின் முகம் உலகத்துக்கே தெரியும். படங்கள் லட்சக்கணக்கில் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் மடெய்ரா விமான நிலையத்தில் வைத்த சிலை ஏன் அவ்வளவு தப்பாக வந்தது? படத்தைப் பார்த்து அப்படியே செய்ய முடியாதா?
– கல்லூரி மாணவர்

ப: தம்பி, படங்கள் நிறைய இருந்ததுதான் முதல் சிக்கல்.

2017 மார்ச் 29ஆம் தேதி, போர்ச்சுகலின் மடெய்ரா தீவு விமான நிலையத்துக்கு ரொனால்டோவின் பெயரைச் சூட்டினார்கள். அந்த விழாவில்தான் இமானுவேல் சாண்டோஸ் செய்த வெண்கல மார்பளவுச் சிலையைத் திறந்தார்கள். சாண்டோஸும் அதே தீவுக்காரர். இணையத்தில் கிடைத்த படங்களை வைத்துச் செய்ததாக அவரே சொன்னார். அதைப் படித்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

ஒரு படத்தில் ஒரு தூரமும் ஒரு வெளிச்சமும் ஒரு நொடியும்தான் இருக்கும். முகத்துக்கு ஓரடி தூரத்தில் கைப்பேசியைப் பிடித்து எடுத்தால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அதே முகத்தை மைதானத்தின் மறுகோடியிலிருந்து பெரிய லென்ஸில் எடுத்தால் முகம் தட்டையாகும், காது முன்னுக்கு வரும், தாடை அகலமாகத் தெரியும். இரண்டு படமும் பொய் இல்லை. ஆனால் முதல் படத்து மூக்கையும் இரண்டாவது படத்துத் தாடையையும் ஒரே தலையில் வைத்தால், எங்குமே பிறக்காத ஓர் ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார். இதோடு வயதும் சேர்கிறது. இருபத்திரண்டு வயதுக் கன்னம் வேறு, முப்பத்திரண்டு வயதுக் கன்னம் வேறு.

ஆள் நேரில் வந்து உட்கார்ந்தால் காலிப்பரை (இரு முனை கொண்ட அளவுக் கருவி) வைத்து அளந்துகொள்வேன். ஒரு காதுத் துளையிலிருந்து மறு காதுத் துளைக்கு எவ்வளவு, காதிலிருந்து மூக்கு நுனிக்கு எவ்வளவு, தாடையிலிருந்து நெற்றி மயிர்க்கோட்டுக்கு எவ்வளவு. இந்த நாலைந்து அளவு சரியாக நின்றுவிட்டால், மேலே போடுகிற களிமண் பெரிதாக வழி தவறாது. படத்தில் இந்த அளவு கிடையாது. ஆழம் தெரியாது. புருவ எலும்பு எவ்வளவு முன்தள்ளியிருக்கிறது என்று நேர்முகப் படத்தில் கண்டுபிடிக்கவே முடியாது, பக்கவாட்டுப் படம் வேண்டும். அதுவும் அதே வயதில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

அப்புறம் அந்தச் சிரிப்பு. சிரிப்பு ஓர் அசைவு. உதடு விரியும்போதே கன்னம் மேலேறும், கீழிமை தடிக்கும், கண் சிறுக்கும். வந்து போகிற அந்த ஓட்டத்தைத்தான் நம் மனம் சிரிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. வெண்கலத்தில் அந்த ஓட்டம் நின்றுபோகிறது. நேரில் ஒருவர் ஐந்து நிமிடம் பல்லைக் காட்டியபடியே அசையாமல் நின்றால் நமக்குப் பயம் வரும் இல்லையா? சிலை ஆண்டுக்கணக்கில் அப்படி நிற்கிறது. போதாததற்கு வெண்கலத்துக்கு ஒரே நிறம். பல் வெள்ளையில்லை, உதடு சிவப்பில்லை, கருவிழி கறுப்பில்லை. கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழியைத் தோண்டி, அதில் விழும் நிழலைத்தான் நாங்கள் கறுப்பாகக் காட்டுகிறோம். விளக்கு கீழேயிருந்து அடித்தால் அந்த நிழலும் போய்விடும், பார்வையே இல்லாத கண்ணாகிவிடும்.

அந்தச் சிலை நன்றாக வந்தது என்று நான் சொல்லவில்லை. கண்கள் நெருங்கிவிட்டன, சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆனால் இந்தத் தவறுகள் எந்த வழியாக வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே வழியில் நானும் போயிருக்கிறேன்.

கே: அந்தச் சிலைப் படத்தை நானும் சிரித்துக்கொண்டே நாலு பேருக்கு அனுப்பினேன். இப்போது நினைத்தால் உறுத்துகிறது. செய்தது தப்பா?
– தனியார் நிறுவன ஊழியர்

ப: சிரித்தது தப்பில்லை. நன்றாகத் தெரிந்த முகம் கொஞ்சம் மாறியிருந்தால் சிரிப்பு தானாக வரும். முன்பின் தெரியாதவரின் சிலையில் கண் சற்று நகர்ந்திருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. தினமும் பார்க்கிற முகத்தில் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவோம். அந்தப் படத்தைப் பார்த்த முதல் நொடியில் எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டுக் கழகம், இளம் வயதிலேயே இறந்துபோன ஓட்டக்காரர் ஒருவரின் மார்பளவுச் சிலையைச் செய்யச் சொன்னது. கையில் கிடைத்தவை பதினொரு படங்கள். அவற்றில் எட்டுப் படங்களில் அவர் ஓடிக்கொண்டிருந்தார், முகம் இறுகிப்போய் இருந்தது. மற்ற மூன்றில் சிரித்துக்கொண்டிருந்தார். கழகத்தார் சிரித்த முகம்தான் வேண்டும் என்றார்கள். நாலு மாதம் வேலை பார்த்தேன். கீழிமையை மட்டும் எத்தனை தடவை கட்டைவிரலால் அழுத்தி எடுத்து, மறுபடி மண் வைத்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

திறப்பு விழா உச்சி வெயிலில் நடந்தது. யாரோ பீடத்துக்குக் கீழே நின்று, கைப்பேசியை அண்ணாந்து பிடித்து ஒரு படம் எடுத்தார்கள். அன்று மாலையே அது என் கைப்பேசிக்கு வந்தது. பக்கத்தில் ஒரு குரங்கின் படத்தை ஒட்டியிருந்தார்கள். அனுப்பியவர் என் நெருங்கிய சொந்தக்காரர். சிலை நான் செய்தது என்று அவருக்குத் தெரியாது. கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக இருந்தன. நான் அவருக்கு ஒன்றும் எழுதவில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டுப் பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதன் பிறகு ஆறு மாதம் முகம் எதுவும் செய்யவில்லை. கை, பாதம், பூ, சங்கு என்று செய்துகொண்டிருந்தேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் படம் ஓட்டக்காரரின் அம்மாவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. இறந்துபோன பிள்ளையின் முகத்தைக் குரங்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் அவர். ஒட்டியவருக்கோ அனுப்பியவர்களுக்கோ அந்த அம்மா மேல் எந்தப் பகையும் கிடையாது. அவர் இருக்கிறார் என்பதே யாருக்கும் நினைவில்லை, அவ்வளவுதான்.

சாண்டோஸும் தன் குடும்பம் பட்ட வேதனையைப் பின்னால் சொன்னார். 2018இல் ஓர் அமெரிக்க விளையாட்டு ஊடகம் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் ரொனால்டோவை மறுபடி செய்தார். அது முதலாவதைவிட எவ்வளவோ மேல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த மனிதருக்குக் கை வரும் என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். அந்தப் படத்தை எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள்? நாலு பேருக்கு என்றால், இரண்டாவது சிலையின் படத்தையும் அதே நாலு பேருக்கு அனுப்புங்கள்.

கே: சிலை செய்யச் சொல்பவர்கள் நடுவில் புகுந்து மாற்றச் சொல்வார்களாமே, உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

ப: உண்மைதான் ஐயா. ரொனால்டோ சிலையிலேயே அது நடந்தது. முகச் சுருக்கங்களைக் குறைத்து இன்னும் இளமையாகத் தெரியும்படி மாற்றச் சொன்னார்கள் என்று சாண்டோஸ் கூறியிருக்கிறார். கேட்பவருக்கு அது சின்ன விஷயம். செய்பவனுக்கு அதுதான் உயிர்நிலை. மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் கோடு, சிரிக்கும்போது கண்ணோரம் விரியும் மூன்று நாலு கீற்றுகள், இவற்றை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறோம். அவற்றைத் தேய்த்துவிட்டால் மிஞ்சுவது யாருடைய முகமாகவும் இருக்கலாம்.

என் பட்டறைக்கு ஐந்து பேர் கொண்ட குழு வந்தால் ஐந்து முகம் கேட்பார்கள். ஒருவர் கம்பீரம் வேண்டும் என்பார், ஒருவர் கனிவு வேண்டும் என்பார். ஆளைப் பார்த்தே இராத ஒருவர் "கன்னம் இன்னும் கொஞ்சம்" என்பார். தேதி மட்டும் மாறாது. விழா நாள் முதலிலேயே குறித்தாகிவிட்டது, அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது.

இதெல்லாம் களிமண்ணோடு முடிந்துவிடுவதும் இல்லை. வேலையின் பிற்பாதி வெளியே யாருக்கும் தெரியாது. களிமண் தலைமேல் ரப்பர் பூசி, அது அசையாமலிருக்க வெளியே பிளாஸ்டர் கூடு போட்டு அச்சு எடுக்கிறோம். அச்சுக்குள் உருக்கிய மெழுகை ஊற்றிச் சுழற்றினால், விரல் கனம்கூட இல்லாத மெழுகுத் தலை ஒன்று கிடைக்கும். அதை வெளியே எடுக்கிற நேரம்தான் ஆபத்து. பட்டறை சூடாக இருந்தால் மெழுகு தளர்ந்து, தாடை தன் எடையிலேயே சற்று இறங்கிவிடும். அதைப் பார்த்துச் சரிசெய்யாமல் விட்டால், இறங்கின தாடை அப்படியே வெண்கலமாகிவிடும். மெழுகுக்குமேல் சூளை தாங்கும் கூடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சிய வெண்கலத்தை ஊற்றுகிறோம். ஆறும்போது உலோகம் ஒன்றிரண்டு சதவீதம் சுருங்கும். பிறகு உலோகம் உள்ளே ஓடிய குழாய்கள் இருந்த இடங்களை வெட்டி, ஒட்டுப்போட்டு, உளியாலும் அரத்தாலும் தேய்க்க வேண்டும். உதட்டோரத்தில் அரம் ஓர் இழுப்பு கூடுதலாக விழுந்தால் சிரிப்பு இளிப்பாகிவிடும். அந்த அரம் பல நேரம் சிற்பியின் கையில் இருக்காது, வார்ப்புப் பட்டறைத் தொழிலாளியின் கையில் இருக்கும். அவருக்கு அந்த ஓட்டக்காரரையோ கால்பந்து வீரரையோ தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

திரையை விலக்கும்போது பெயர் மட்டும் ஒன்றுதான் இருக்கும், சிற்பியின் பெயர்.

கே: சம்பந்தப்பட்ட வீரருக்கே சிலை பிடித்திருந்தால் மற்றவர்கள் பேச என்ன இருக்கிறது?
– கூடைப்பந்து ரசிகர்

ப: நீங்கள் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டுவைன் வேடை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2024 அக்டோபர் 27ஆம் தேதி மயாமி ஹீட் அணியின் அரங்க வாசலில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2009இல் சிகாகோ புல்ஸ் அணியைக் கடைசி நொடியில் வீழ்த்திவிட்டு, மேசைமேல் ஏறி நின்று, "இது என் வீடு" என்று அவர் கத்திய தருணம் அது. வாய் அகலத் திறந்து, கழுத்து நரம்பு புடைத்து நிற்கிறது. திறந்த அன்றே உலகமெல்லாம் சிரித்தது.

கத்துகிற முகத்தைச் செய்ய ஒப்புக்கொள்வதே துணிச்சல். கத்தும்போது நம் முகமே நம் முகமாக இருப்பதில்லை. கண்ணாடி முன் நின்று கத்திப் பாருங்கள். ஆனால் அந்தத் தருணத்தில் கத்தல்தான் எல்லாம். வாயை மூடிவைத்தால் அந்த இரவே இல்லை. சிற்பிகள் ஓம்ரி அம்ரானியும் ஆஸ்கர் லியோனும் அந்த இரவைத் தேர்ந்தெடுத்தார்கள், முகத்தில் அதற்கான விலையைக் கொடுத்தார்கள். இதே ஓம்ரி அம்ரானி தன் மனைவியோடு சேர்ந்து செய்ததுதான் சிகாகோவில் 1994இல் வைத்த மைக்கேல் ஜோர்டன் சிலை. அதைப் பார்க்க இன்றும் ஜனங்கள் போகிறார்கள். கை அதே கைதான்.

வேட் பட்டறைக்குப் போய் வேலையைப் பார்த்தவர். கேலி கிளம்பியதும் அவர் சிற்பிகளைத் தனியாக விடவில்லை. தன்னைப் போலவே இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, இது ஒரு தருணத்தின் கலை வடிவம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் தொழிலில் அப்படி ஒரு வார்த்தை எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது?

ஆனாலும் உங்கள் கேள்விக்கு முழுதாக ஆமாம் சொல்ல என்னால் முடியவில்லை. வாசலில் வைத்த சிலை ரசிகருக்கும் சொந்தம். அவர் கருத்துச் சொல்லலாம்.

கே: அப்படியென்றால் மோசமான சிலையை மோசம் என்று சொல்லலாமா, கூடாதா? நீங்கள் சிற்பிகளுக்கே பரிந்து பேசுகிறீர்கள்.
– வாசகி

ப: தாராளமாகச் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கால்பந்துக் கழகம் தன் பழைய மேலாளர் டெட் பேட்ஸுக்கு 2007இல் சிலை வைத்தது. கால்கள் குட்டையாகவும் தலை பெரிதாகவும் இருந்தன. ரசிகர்கள் கொதித்தார்கள், சீக்கிரமே அதை எடுத்துவிட்டு அடுத்த ஆண்டு வேறொன்றை வைத்தார்கள். அந்த ரசிகர்கள் செய்தது நியாயம். அவர் எப்படி நின்றார், நடந்தார் என்று பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். பெண்கள் கால்பந்தில் 1999 உலகக் கோப்பையை வென்று தந்த பிராண்டி சாஸ்டெய்னுக்கு 2018இல் சான் பிரான்சிஸ்கோவில் உலோகப் பலகையில் முகம் வடித்தார்கள். அது யாரோ ஒரு வயதான ஆண் மாதிரி இருந்தது. சாஸ்டெய்ன் அதைப் பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டார், செய்தவர்கள் மாற்றிக் கொடுத்தார்கள். கால்பந்து வீரர் முகமது சாலாவுக்கு எகிப்தில் 2018இல் வைத்த சிலையிலும் தலைக்கும் உடம்புக்கும் பொருத்தமில்லை. கைகள் சின்னவை, தலை மிகப் பெரியது. சிற்பியான எனக்கும் அது தெரிகிறது, மறைக்க மாட்டேன்.

எப்படிச் சொல்வது என்றால், அந்த ஓட்டக்காரரின் அம்மா சொன்ன மாதிரி. விழா முடிந்து இரண்டு வாரம் கழித்து அவர் பட்டறைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன். பிளாஸ்டர் பிரதி ஒன்று மூலையில் இருந்தது. அதன் முன்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலால் இடது கண்ணுக்குக் கீழே தொட்டுக் காட்டினார்.

"சார், அவன் சிரிக்கும்போது எடது கண்ணுதான் மொதல்ல சுருங்கும். வலது கண்ணு கொஞ்சம் நேரம் முழிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க ரெண்டையும் ஒண்ணா சுருக்கிட்டீங்க. அதான் வேற யாரோ மாதிரி இருக்கான்."

பதினொரு படங்களையும் எடுத்து மேசையில் பரப்பினேன். சிரித்த மூன்று படத்திலும் அது இருந்தது. நாலு மாதமாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், என் கண்ணில் படவில்லை. அந்த அம்மாவின் ஒரு வாக்கியத்தில் நான் கற்றது, பத்து ஆண்டு வேலையில் கற்றதைவிட அதிகம். அன்று முதல் எந்த முகம் செய்தாலும் முதலில் வீட்டார் யாரையாவது உட்காரவைத்து, சிரிக்கும்போது எது முதலில் அசையும், கோபம் வந்தால் எது முதலில் அசையும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர் சொன்னதும் குறைதான் வாசகியே. ஆனால் எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டினார்.

கே: வான்கடே மைதானத்தில் உள்ள சச்சின் சிலை ஸ்டீவ் ஸ்மித் மாதிரி இருக்கிறது என்கிறார்களே, உங்கள் கருத்து?
– கிரிக்கெட் ரசிகர்

ப: 2023 நவம்பர் 1ஆம் தேதி திறந்த சிலை அது. பிரமோத் காம்ப்ளே செய்தது. நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் முகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கைப்பேசிப் படத்தை நம்பிச் சிலையை எடைபோடக் கூடாது என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டு நானே அதைச் செய்வது முறையில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பந்தைத் தூக்கி அடித்து முடித்த நிலை அது. பேட் வீசுகிற ஆளை நாம் முகத்தை வைத்து அடையாளம் காண்பதே இல்லை. மைதானத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு முகம் எங்கே தெரிகிறது? தோள் சாய்வு, முழங்கால் மடிப்பு, தலை நிற்கும் விதம், இவற்றை வைத்துத்தான் "அவர்தான்" என்கிறோம். மும்பைக்குப் போனால் சிலையைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். முதுகுப் பக்கம் நின்று பாருங்கள். அங்கிருந்து சச்சின் தெரிகிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.

கே: இப்போதுதான் முப்பரிமாண ஸ்கேன் வந்துவிட்டதே. இனி தப்பே வராதே?
– பொறியாளர்

ப: அளவு தப்பாது. நானும் பயன்படுத்துகிறேன், நல்ல கருவி. ஆனால் ஸ்கேன் எடுக்கும்போது ஆள் அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தை அவர் அம்மாகூடப் பார்த்திருக்க மாட்டார். அந்த முகத்தை உயிர்ப்பிக்கிற வேலை கைக்குத்தான் வருகிறது. இறந்தவர்களுக்கு ஸ்கேன் இல்லை.

கே: பெரிய கலைஞர்களையும் இப்படிக் கேலி செய்திருக்கிறார்களா?
– இலக்கிய வாசகர்

ப: பிரெஞ்சுச் சிற்பி ரோடின் செய்த, எழுத்தாளர் பால்சாக்கின் சிலையைச் சொல்லலாம். பிரெஞ்சு எழுத்தாளர் சங்கம் 1891இல் அவரிடம் வேலையைக் கொடுத்தது. பால்சாக் இறந்து நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. ரோடின் பழைய படங்களைத் தேடினார், பால்சாக் பிறந்த பகுதிக்குப் போய் அவர் சாயலுள்ள ஆட்களைப் பார்த்துச் செய்து பார்த்தார். ஏழு ஆண்டு கழித்து, 1898இல் பிளாஸ்டரில் வைத்தபோது பனிப்பொம்மை என்றார்கள், மூட்டை என்றார்கள். சங்கம் வாங்க மறுத்தது. ரோடின் சிலையைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். அவர் 1917இல் இறந்தார். வெண்கலத்தில் வார்த்துப் பாரிஸ் தெருவில் வைத்தது 1939இல்.

இதைச் சொன்னதும் சிலர் "பார்த்தீர்களா, கேலிக்கு ஆளானதெல்லாம் பின்னால் காவியமாகும்" என்று ஆறுதல் சொல்ல வருவார்கள். அது சரியில்லை. கேலிக்கு ஆளானவற்றில் பெரும்பாலானவை உண்மையிலேயே சுமாரானவைதான். சுமாரான வேலையைச் செய்தவருக்கும் வீடு, பிள்ளைகள், அடுத்த நாள் காலை எல்லாம் உண்டு.

கே: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. விளையாட்டு வீரர்களை வரைவதில் பைத்தியமாக இருந்தான். தனக்குப் பிடித்த வீரரை வரைந்து வகுப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். "இது யாருடா, பேயா?" என்று ஆரம்பித்து, அந்தப் படத்தை வைத்தே ஒரு வாரம் கிண்டல் செய்தார்கள். பென்சிலைத் தொட்டே இரண்டு மாதம் ஆகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு தாய்

ப: அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். யோசித்து எழுத வேண்டும் என்று கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

முதலில் அவனிடம் "படம் சூப்பராக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். சொல்லியிருப்பீர்கள், எல்லா அம்மாவும் சொல்வார்கள். அவன் நம்ப மாட்டான். படத்தில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அவனுக்கே தெரியும். எது என்று தெரியவில்லை, அதுதான் அவனை உறுத்துகிறது. அந்தப் பிள்ளைகளும் எது என்று சொல்லவில்லை, பேய் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அவனுக்கு ஒரு கதை சொல்லுங்கள். டாம் பிரேடி என்று அமெரிக்கக் கால்பந்தில் பெரிய வீரர், பார்க்கவும் அழகானவர். பந்தில் காற்றைக் குறைத்த விவகாரத்தில் 2015 ஆகஸ்ட் 12ஆம் தேதி நியூயார்க் நீதிமன்றத்துக்கு வந்தார். உள்ளே கேமராவுக்கு அனுமதி இல்லை. ஜேன் ரோசன்பர்க் என்ற ஓவியர் வண்ணச் சுண்ணக் கட்டியால் அவசரமாக வரைந்தார். 1980 முதல் நீதிமன்றங்களில் வரைந்துவருபவர் அவர். பிரேடியின் முகம் கோணலாகவும் ஒடுங்கியும் வந்துவிட்டது. ஓவியத்தை வெட்டி எடுத்து எங்கெங்கோ ஒட்டி, இணையம் முழுக்கச் சிரித்தார்கள். முப்பத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள அந்தப் பெண்மணி, பிரேடியை அவருடைய அழகுக்கு ஏற்றபடி வரையாததற்கு மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் 31ஆம் தேதி பிரேடி மறுபடி நீதிமன்றம் வந்தார். ரோசன்பர்க்கும் சுண்ணக் கட்டிகளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து மறுபடி வரைந்தார். இந்தத் தடவை முகம் நன்றாக வந்தது. இத்தனைக்கும் பத்தொன்பது நாள்தான் இடைவெளி.

கதை சொன்னதும் உடனே பென்சிலைக் கையில் திணிக்காதீர்கள். இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் அந்தப் பழைய படத்தையும், எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தானோ அதையும் மேசையில் வையுங்கள். இரண்டையும் தலைகீழாகத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். தலைகீழாக வைத்தால் அது முகமாகத் தெரியாது, வெறும் கோடும் இடைவெளியுமாகத் தெரியும். எந்த இடைவெளி கூடிவிட்டது, எது குறைந்துவிட்டது என்று அவனே கண்டுபிடிப்பான். அவன் வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் கண்ணை நெற்றிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில்தான் கண் இருக்கிறது. அளந்து பார்க்கச் சொல்லுங்கள், ஆச்சரியப்படுவான். உங்கள் முகத்திலேயே ஒரு நூலை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

பிறகு முழு முகம் வேண்டாம். காதை மட்டும் வரையச் சொல்லுங்கள், அந்த வீரரின் ஒரே ஒரு காதை. காது யாருக்கும் மனப்பாடம் கிடையாது, அதனால் பார்த்துத்தான் வரைந்தாக வேண்டும். நானும் அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடி முகத்துக்குத் திரும்பியது ஒரு காதின் வழியாகத்தான். களிமண்ணில் ஒரு காது செய்தேன், அது நன்றாக வந்தது. மறுநாள் அதன் பக்கத்தில் கன்னத்தை வைத்தேன்.

குழுவில் போட வேண்டாம் என்று நீங்கள் தடை போடாதீர்கள். எப்போது போடுவது என்று அவனே முடிவு செய்யட்டும். அதற்கு முன்னால் அந்தக் காதின் படத்தை இந்தப் பத்திரிகை முகவரிக்கு, என் பெயருக்கு அனுப்பச் சொல்லுங்கள். புகைப்படத்தையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். எந்த இடம் சரியாக வந்திருக்கிறது, எந்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று அதிலேயே பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.